கூதிர்கால ஏரியும் பறவைப் பெயர்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கையும் கவிதையும் என்னும் பொருளில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கடல் போன்ற தலைப்பு அது. நான் ஓர் ஏரியளவில் நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். சென்ற கார்த்திகையில் நம் வட்டத்து நண்பர்கள் ஐவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வேடந்தாங்கல், கரிக்கிலி ஏரிக்கரைகளில் பறவை பார்த்துக் கழித்தோம். அந்த ஒரு நாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே ஒரு கருத்தை உங்கள்முன் வைக்கிறேன். இக்காலத் தமிழ்க் கவிதையில் 'ஒரு பறவை' வருகிறது. அது இன்ன பறவை என்பது வருவதில்லை. பெயர் அறியாமல் பாடும் இந்தப் பழக்கத்தால் கவிதைக்கும் இழப்பு, பறவைக்கும் இழப்பு என்பதே என் வாதம்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'இலையுதிர்காலம்' என்று நம்மில் பலர் கவிதை எழுதுகிறோம். அச்சொல்லைச் சொல்லும்போது நம் மனத்தில் எழுவது ஐரோப்பிய நாட்காட்டிப் படங்களில் பார்த்த செம்பழுப்பு மரங்கள். நம் நாட்டில் இலை உதிர்க்கும் மரங்கள் பெரும்பாலும் மாசி பங்குனியில், பின்பனிக் காலத்தில் வெயில் ஏறும்போது உதிர்க்கின்றன. மேற்கே இலையுதிரும் அதே ஐப்பசி கார்த்திகையில் இங்கே வேலியெல்லாம் துளிர்த்துக் கிடக்கும். தமிழர் அந்த இரு திங்களுக்கும் இட்ட பெயர் கூதிர். காருக்குப் பின், முன்பனிக்கு முன் வரும் குளிர்மழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுவருவது இந்த வடகிழக்குப் பருவமே. ஏரிகள் நிறைவதும், வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்குவதும், உள்ளூர் நீர்ப்பறவைகள் கூடு கட்டத் தொடங்குவதும் இப்போதுதான். நம் இலையுதிர்காலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது பறவைகள் வந்துசேரும் காலம்.

கூதிரைப் பாடியவர்களில் தலையாயவர் நெடுநல்வாடை தந்த நக்கீரர். நூற்றெண்பத்தெட்டு அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் தொடக்கத்தை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஈர மணலில் மீன் கவரும் கொக்கை அவர் வெறும் கொக்கு என்று விடவில்லை. அதன் கால் பசியது என்கிறார். உடன் நிற்கும் நாரைக்குச் செவ்வரி உண்டு என்கிறார். வீட்டுப் புறாவைப் பாடும்போது அதன் கால் சிவந்தது என்பதோடு நிற்காமல், அந்தச் சேவல் தன் பெடையோடு மன்றத்தில் இரை தேடப் போகாமல், இரவா பகலா என்று மயங்கி, இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கிறது என்கிறார். குளிர் மிகுதி என்று ஒரு சொல் சொல்லத் தேவை இல்லாமல் போகிறது. புறா அன்றாடம் என்ன செய்யும் என்று அறிந்த ஒருவரால்தான், இன்று அது அதைச் செய்யவில்லை என்று எழுத முடியும். வாடைக்காற்றின் கடுமையை நாம் உணர்வது, ஒரு பறவை தன் வழக்கத்தை விட்டதனால். கூர்ந்த பார்வை கவிதையில் செய்யும் வேலைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இனி அந்த ஞாயிறு. செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டுப் படாளம் கூட்டுரோட்டில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, அங்கிருந்து ஒரு வாடகை வண்டியில் உள்ளே சென்றோம். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. சாலையின் இருபுறமும் நடவு முடிந்த கழனிகள். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள். தகைதல் என்றால் தடுத்தல். தளர்தல் என்ற பொருளும் உண்டு. தடையற்ற, தளர்ச்சியற்ற குருவி. இமயத்துக்கு அப்பாலிருந்து நம் கம்பிவரை வந்து அமரும் ஓர் உயிருக்கு, வரைபடம் பார்த்தறியாத எவரோ இட்ட பெயர் இது. அதன் பயணத்தையே பெயருக்குள் வைத்துவிட்டார்கள்.

வாய்க்கால் மடையருகே சேற்று நிறத்தில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. வண்டி நெருங்கும்வரை அது அங்கே இருப்பதே தெரியவில்லை. எழுந்து பறந்த நொடியில் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. இறக்கையின் வெண்மையை மூடி வைத்திருந்தது முதுகின் மண்ணிறம். மடையிலே நிற்பதால் அதற்கு மடையான் என்று பெயர். ஆள் மிக அருகில் வரும்வரை பறக்காமல் இருப்பதால் குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். கால் பசுமை கலந்த மஞ்சள். நக்கீரரின் பசிய கால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது. மாட்டின் பின்னே நடந்துகொண்டிருந்த இன்னொரு கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். வரப்பில் வாலை மேலும் கீழும் ஆட்டி ஓடியது வாலாட்டி. எங்களைக் கண்டதும் ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு வானில் சுற்றியது ஆட்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பது அதன் தொழில். வேட்டைக்குப் போனவர்கள் அலுத்துக்கொண்டு இட்ட பெயராக இருக்க வேண்டும்.

வழியில் பறவை மட்டுமல்ல. ஈரச் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் சிந்திய குங்குமம்போல் ஊர்ந்தன. வெற்றிலைத் தம்பலத்தின் சிவப்பை அந்தப் பூச்சியில் கண்ட கண் யாருடையதோ. ஒரு கீரி சாலையைக் கடந்து, நடுவில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்து, கோரைக்குள் மறைந்தது. கழனிக்கு மேலே தட்டான்கள் தாழப் பறந்தன; மழை இன்னும் இருக்கிறது என்றார் வண்டி ஓட்டியவர். மாலையில் அவர் சொன்னபடியே பெய்தது.

வேடந்தாங்கல் ஏரி பெரியதன்று. முப்பது எக்டேர் அளவுதான். செங்கற்பட்டு வட்டாரத்தில் சிறிய பாசன ஏரியைத் தாங்கல் என்பார்கள். வேடர்களின் தாங்கல் என்று அவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கூறுகிறார்கள். ஏரி நிறைந்ததும் உள்ளே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் அடிப்பகுதி மூழ்கிவிடும். கிளைகள் மட்டும் தீவுகள் போல் நிற்கும். கூடுகளை நெருங்க நினைக்கும் பூனைக்கும் கீரிக்கும் அந்த நீர் அகழியாகிறது. ஆகவே மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் இங்கே கூடு கட்டத் தயங்குகின்றன. நாங்கள் சென்றபோது ஏரி முக்கால் பாகம் நிறைந்திருந்தது.

மரங்களில் முதலில் கண்ணில் பட்டவை நத்தைக்குத்தி நாரைகள். வாய் மூடியிருக்கும்போதும் அலகின் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருப்பதில்லை. வளர வளரத்தான் அலகு அப்படி வளைகிறது. நத்தையை எடுத்து அதன் உடலை வெளியே இழுப்பதற்கு அமைந்த கருவி அது. அரிவாள்மூக்கன்கள் குச்சி சுமந்து வந்துகொண்டிருந்தன. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்தன. பாம்புத்தாரா ஒன்று உடலை முழுவதும் நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தியது. முதன்முறையாகப் பார்த்த நம் இளம் கவிஞர் ஒருவர் பாம்பு என்றே கூவிவிட்டார். பெயர் வைத்தவரும் முதலில் அப்படித்தான் கூவியிருப்பார் என்று சொல்லிச் சிரித்தோம். இலை மறைவில் வக்காக்கள் பகல் முழுவதும் உறங்கின. மாலை மங்கியதும் அவை இரை தேடிப் புறப்படும். கரண்டிவாயன் இரண்டு மட்டும் வந்திருந்தன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இனிமேல்தான் வரும் என்றார்கள்.

கரையில் ஒரு பெரியவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆயக்கட்டில் அவருக்கு ஏக்கர் அளவு நிலம் உண்டு. எங்கள் கையிலிருந்த பறவைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். எழுத்தைப் பார்க்கவில்லை; படங்களை மட்டும் பார்த்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்து, இது சிறகி, இது உள்ளான், இது நாமக்கோழி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் நிறுத்தி, "இது இப்பல்லாம் வர்றதில்ல சார்" என்றார். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியுமா என்று நம்மில் ஒருவர் கேட்டார். "அதுங்களுக்கு எல்லாமே கொக்குதான்" என்றார். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இன்னா பண்றது சார், அதுங்க கழனிக்கு வந்தாதானே" என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு மறுமொழியில் என் வாதத்தின் பாதி அடங்கிவிட்டது. சிறகி, உள்ளான் என்னும் பெயர்கள் கழனியோடும் மதகோடும் கலங்கலோடும் பிழைத்தவர்களின் வாயில் வாழ்ந்தவை. ஏரி தூர்ந்து, கால்வாய் அடைபட்டு, நிலம் மனையாகும்போது அந்த வாழ்க்கை போகிறது. வாழ்க்கை போனபின் சொல் நிற்பதற்கு ஏது இடம்? கடைசியில் பறவை வந்தாலும் அதை அழைக்க ஆளில்லை.

வேடந்தாங்கலின் வரலாறு இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. கம்பெனி ஆட்சிக்காலத்தில் சிப்பாய்கள் இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் செங்கற்பட்டுக்குச் சென்று கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டளவில் பறவைகளுக்குப் பாதுகாப்புத் தரும் கவுல் பெற்றார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வரும் அதே கலெக்டர்தான் இவர். 1936-இல் இந்த ஏரி பறவைப் புகலிடமாக அரசின் ஏற்பைப் பெற்றது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் அளவுக்குச் சரணாலய எல்லை விரிந்தது. 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் இவை அனைத்துக்கும் முன்னால் நின்றவர்கள் உழவர்கள். பறவையின் எச்சம் விழுந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். எந்தப் பறவை எந்த மாதம் வரும், எத்தனை நாள் அடைகாக்கும், எப்போது குஞ்சோடு திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் ஆட்சியாளர் முன்னால் போய் நின்று கேட்க முடிந்தது. பெயரில்லாத ஒன்றுக்காக எவரும் மனு எழுதுவதில்லை.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பட்டியையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே கொள்ளுக்குடிப் பட்டி மக்கள் கண்மாய்ப் பறவைகள் அஞ்சிவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் ஆசையை அடக்கிக்கொள்ளும் ஐப்பசி அது. வேடந்தாங்கல், வேட்டங்குடி என்று இரண்டு ஊர்ப் பெயர்களிலும் வேட்டை ஒலிக்கிறது. இரண்டு ஊர்களும் காவலுக்குப் பெயர் பெற்றுவிட்டன.

பிற்பகலில் கரிக்கிலிக்குச் சென்றோம். வேடந்தாங்கலுக்கு வரும் கூட்டத்தில் கால்பங்குகூட அங்கே இல்லை. திறந்த நீர்ப்பரப்பில் நீலச்சிறகிகள் கூட்டமாக மிதந்தன. ஊசிவால் வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு வாலை வானுக்குக் காட்டி மேய்ந்தன. நெற்றியில் வெள்ளை தீற்றிய நாமக்கோழிகள் தங்களுக்குள் சண்டையிட்டன. திடீரென்று எல்லா வாத்துகளும் ஒருசேர எழுந்தன. ஏன் என்று தேடினோம். கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கையைச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி, சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அது கடந்து போனதும் நீர்ப்பரப்பு மீண்டும் நிறைந்தது. வடக்கே பனிநிலங்களிலிருந்து வாத்தும் வந்திருக்கிறது, அதைத் துரத்தும் பருந்தும் வந்திருக்கிறது. அச்சத்தையும் உடன் அழைத்துக்கொண்டே வலசை வருகின்றன போலும்.

மழை தொடங்குவதற்கு முன், கரையோரப் புதரிலிருந்து இரண்டு அசையில் ஒரு தெளிவான சீழ்க்கை கேட்டது. ஆறுமணிக்குருவி. இமய அடிவாரக் காடுகளிலிருந்து இறங்கி வரும் சிறு பறவை. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் கூவுவதால் இந்தப் பெயர். ஐப்பசியில் நெடும்பயணக் களைப்போடு நகரத்து வீடுகளுக்குள் வந்து விழுந்துவிடுவதும் உண்டு. எங்கள் கண்ணுக்கு அது தென்படவில்லை. குரல் மட்டும் கிடைத்தது. மணி ஐந்தே முக்கால்.

இப்போது ஒரு மறுப்புக்கு விடை சொல்ல வேண்டும். கவிதை என்ன விலங்கியல் பாடமா, பெயர்ப் பட்டியல் கவிதையாகுமா என்று கேட்கும் நண்பர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். பட்டியல் கவிதையாகாது, ஒப்புக்கொள்கிறேன். பெயரைச் சேர்த்துவிட்டால் வெற்று வரி உயிர் பெற்றுவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 'பறவை' என்று மட்டும் எழுதும்போது நாம் பறவையை எழுதுவதில்லை. விடுதலை, பிரிவு, தனிமை என்று முன்பே முடிவு செய்துவிட்ட ஒரு கருத்துக்கு இறகு ஒட்டுகிறோம். அந்தப் பறவை நமக்கு எதையும் புதிதாகச் சொல்வதில்லை. மடையான் என்று எழுதிப் பாருங்கள். மண்ணோடு மண்ணாக நிற்பது, எழுந்தால் வெள்ளையாவது, மடைநீர், குருடென்னும் பழி எல்லாம் உடன் வரும். அவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது என்னும் தேர்விலிருந்துதான் கவிஞனின் வேலை தொடங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பறவைப் பெயர்களில் பல ஒரு செயலைச் சொல்கின்றன. குத்துகிறது, ஆட்டுகிறது, காட்டிக்கொடுக்கிறது, மடையில் நிற்கிறது. எங்கோ ஒரு வரப்பில் யாரோ ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்ததன் பதிவு ஒவ்வொன்றும். அந்தப் பார்வையை நமக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அகராதியில் கிடந்தால் அது தூங்கும். கவிதையில் வந்தால் விழித்துக்கொள்ளும்.

இந்தப் பணியில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பி.எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதி, பழம்பாடல்களின் பறவைகளை இன்று பறப்பவற்றோடு பொருத்திக் காட்ட முயன்றார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். பெரிய காடுகளை நன்கறிந்த அவர், வீட்டுக் கொல்லைக்கு வரும் காகத்தையும் அணிலையும் அதே மதிப்போடு எழுதியவர். தமிழிலக்கியப் பயிற்சியும் கள அறிவும் ஒரே மனிதரிடம் சேர முடியும் என்பதற்கு அவர் சான்று. இவ்விரண்டும் தனித்தனி அறைகளில் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே பத்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்த வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கூட்ட அறையிலிருந்து விடுவித்துவிடுங்கள். அவரவர் ஊர் ஏரிக்கரைக்கோ, ஆற்றங்கரைக்கோ, கழனிக்கோ போவோம். தொலைநோக்கி ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால் கண் போதும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வோம். பார்த்த பறவை, பார்த்த இடம், திங்கள், அது செய்த செயல், அந்த ஊரார் அதற்குச் சொல்லும் பெயர் ஆகியவற்றை எழுதுவோம். ஒரே பறவைக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் கிடைத்தால் மூன்றையும் எழுதுவோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். பெயர் சொன்னவரின் வயதையும் தொழிலையும் குறித்தால், எந்தத் தலைமுறையோடு எந்தச் சொல் நிற்கிறது என்பது நமக்கே விளங்கும். ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பேட்டை அச்சிடுவோம். கவிதைத் தொகுதிக்கு எவ்வகையிலும் குறையாத தமிழ்ப்பணியாக அது அமையும்.

அப்படிப் போய்வந்தபின் எழுதும் கவிதையில் பறவையே வராமலும் போகலாம். அதனால் குறை ஒன்றும் இல்லை. ஓர் உயிரை அதன் பெயரால் அறிந்து, அதன் வழக்கம் தெரியும்வரை பொறுமையாக நின்று பார்த்தவர், மனிதரைப் பற்றி எழுதும்போதும் அவ்வளவு எளிதில் 'ஒரு மனிதன்' என்று எழுதிவிட மாட்டார்.

வரும் கூதிர்காலத்துக்கு இன்னும் சில திங்கள்கள் உள்ளன. அதற்குள் குறிப்பேட்டை வாங்கி வைத்துவிடுங்கள். பறவைகள் நாள் தவறுவதில்லை.